குப்பத்து ஊர் பஞ்சாயத்தும் அரசு சேவைகளும்: வடசென்னை மீனவர்கள், இருளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காசிமேட்டில் இருந்து எண்ணூர் முகத்துவாரம் வரைக்கும், அதைத் தாண்டி காட்டுப்பள்ளிக் கரையிலும் வாழ்பவர்களுக்காக எழுதப்பட்டது இது. இங்கே ஒவ்வொரு குப்பத்திலும் இரண்டு நிர்வாகம் நடக்கிறது. ஒன்று, தலைமுறை தலைமுறையாக வரும் ஊர் பஞ்சாயத்து. இன்னொன்று மாநகராட்சி, தாலுகா ஆபீஸ், மீன்வளத் துறை என்று பிரிந்து கிடக்கும் அரசு. எந்த வேலைக்கு யாரிடம் போவது, ஊர் எடுத்த முடிவை அரசு அலுவலகம் ஏற்கும்படி எப்படிக் கொண்டுபோவது என்பதுதான் கீழே உள்ள பெரும்பாலான பதில்களின் பொருள்.

ஊர் பஞ்சாயத்துக்குச் சட்டப்படி என்ன அதிகாரம் இருக்கு?

நேரடியாகச் சொன்னால், எதுவும் இல்லை. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994 சொல்லும் ‘ஊராட்சி’ வேறு, குப்பத்தின் ஊர் பஞ்சாயத்து வேறு. குப்பத்துப் பஞ்சாயத்தார் தேர்தல் ஆணையம் நடத்தும் தேர்தலில் வந்தவர்கள் இல்லை. அவர்கள் போடும் அபராதத்தை எந்த நீதிமன்றமும் வசூலித்துத் தராது.

ஆனாலும் கடற்கரையில் அன்றாட நிர்வாகம் அவர்கள் கையில்தான் இருக்கிறது. எந்த வலை போடலாம், எது கூடாது, படகு எங்கே ஏற்றுவது, ஏலம் எப்படி, திருவிழாச் செலவு யாருக்கு எவ்வளவு, கடலில் வலை அறுந்தால் நஷ்டம் யார் கொடுப்பது என்று எல்லாம் ஊர்தான் தீர்க்கிறது. புயல் அடித்த மறுநாள் தாசில்தார் வந்தாலும் முதலில் தேடுவது ஊர்த் தலைவரைத்தான். அரசு நடைமுறையில் ஊரை நம்பி வேலை செய்கிறது, காகிதத்தில் ஊரை ஏற்பதில்லை. சிக்கல் எல்லாம் இந்த இடைவெளியில்தான் பிறக்கிறது.

தலைக்கட்டு என்றால் யார்? அதில் பெயர் இல்லாவிட்டால் அரசு உதவி கிடைக்காதா?

கலியாணமான ஆண் ஒருவரை ஒரு தலைக்கட்டாகக் கணக்கு வைப்பதுதான் பட்டினவர் எனும் மீனவச் சமூகத்தின் குப்பங்களில் பொது வழக்கம். ஊர் வரி தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று விழும்; ஊருக்கு வரும் பங்கும் அதே கணக்கில் பிரியும். விதவை, கணவனைப் பிரிந்து வாழும் பெண், வேறு சாதியில் இருந்து வந்து குடியிருப்பவர், வாடகைக்கு இருப்பவர் ஆகியோரை ஊருக்கு ஊர் ஒவ்வொரு விதமாக நடத்துகிறார்கள்.

அரசு உதவிக்கும் தலைக்கட்டுக் கணக்குக்கும் சட்டப்படி தொடர்பே கிடையாது. அரசு பார்ப்பது குடும்ப அட்டை, ஆதார், மீனவர் நல வாரிய அட்டை, கூட்டுறவுச் சங்க உறுப்பினர் பதிவு ஆகியவற்றைத்தான். ‘ஊர்க் கணக்கில் நீ இல்லை, அதனால் உனக்கு நிவாரணம் இல்லை’ என்று யாராவது சொன்னால் அது தவறு. நேராக மீன்வளத் துறை உதவி இயக்குநர் அலுவலகத்துக்கே மனு கொடுக்கலாம்.

மீனவர்கள் இந்தக் கரையின் பூர்வகுடிகள்தானே? பழங்குடிக்கான சட்டங்கள் நமக்குப் பொருந்தாதா?

கரையோடு உள்ள உறவு பழையது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் அரசுப் பட்டியலில் மீனவர் (பர்வதராஜகுலம், பட்டணவர், செம்படவர்) மிகவும் பிற்படுத்தப்பட்ட வகுப்பில் வருகிறார்கள். எங்களைப் பழங்குடிப் பட்டியலில் சேருங்கள் என்ற கோரிக்கை நெடுங்காலமாக இருக்கிறது, இன்னும் சேர்க்கவில்லை.

‘பெசா’ என்று சொல்லப்படும் 1996-ஆம் ஆண்டுச் சட்டம் பழங்குடிக் கிராம சபைக்கு நிலம், சிறு வனப் பொருள், நீர்நிலை மீது அதிகாரம் தருகிறது. ஆனால் அது அரசியலமைப்பின் ஐந்தாவது அட்டவணைப் பகுதிகளுக்கு மட்டும். தமிழ்நாட்டில் அப்படி அறிவிக்கப்பட்ட பகுதி ஒன்றுகூட இல்லை, ஆகவே பழங்குடிகளான இருளர்களுக்கும் அது இங்கே பயன்படாது. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் தமிழ்நாட்டுக்குப் பொருந்தும். ஆனால் அது வன நிலத்துக்கு. எண்ணூர் கழிமுகத்தில் கையால் இறால் தடவிப் பிடிக்கிறவருக்கு அதனால் நேரடிப் பயன் குறைவு.

அப்படியானால் கரையோர மக்களுக்குப் பிடி கொடுக்கும் சட்டம் எது? கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கைதான். அதைப் பற்றித் தனியாகக் கீழே சொல்லியிருக்கிறோம்.

மற்ற நாடுகளில் பூர்வகுடிகளே பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி நடத்துகிறார்களாமே?

நடத்துகிறார்கள். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் நிஸ்கா மக்களின் ஒப்பந்தம் 2000 மே 11-இல் நடைமுறைக்கு வந்தது. ஏறக்குறைய 2,000 சதுர கிலோமீட்டர் நிலம், சட்டம் இயற்றும் சொந்த அரசு, மீன்பிடியில் பங்கு, நலவாழ்வுப் பணிகளை நடத்தும் உரிமை எல்லாம் அதில் உண்டு. அமெரிக்காவில் 1975-இல் வந்த ஒரு சட்டத்தின்படி, மத்திய அரசு பழங்குடிக்காக நடத்தும் மருத்துவமனை போன்ற சேவையை அந்தப் பழங்குடி அரசே ஒப்பந்தம் போட்டுத் தன் கையில் எடுத்துக்கொள்ளலாம். அதற்கான அரசுப் பணமும் கூடவே வந்துவிடும். நார்வேயில் சாமி மக்களுக்கு 1989 முதல் தனி நாடாளுமன்றம். நம் நாட்டிலேயே அரசியலமைப்பின் ஆறாவது அட்டவணையின் கீழ் அஸ்ஸாம், மேகாலயா, திரிபுரா, மிசோரமில் தன்னாட்சி மாவட்ட மன்றங்கள் இயங்குகின்றன.

இவை எல்லாவற்றிலும் பொதுவாக இருப்பவை மூன்று: யார் உறுப்பினர் என்ற எழுதப்பட்ட பட்டியல், எல்லை குறிக்கப்பட்ட இடம், தணிக்கைக்கு உட்பட்ட கணக்கு. நம் குப்பங்களில் இந்த மூன்றும் வாய்ச்சொல்லாகவே இருக்கின்றன. சட்டம் மாறும் வரை காத்திருக்காமல் இவற்றை எழுத்தில் கொண்டுவர ஊருக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.

எங்க குப்பம் மாநகராட்சியில வருதா, ஊராட்சியில வருதா? கிராம சபை கூட்டச் சொல்லிக் கேட்கலாமா?

முகத்துவாரத்துக்குத் தெற்கே உள்ள எண்ணூர்க் குப்பங்களான தாழங்குப்பம், நெட்டுக்குப்பம், காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம் போன்றவை முன்பு கத்திவாக்கம் நகராட்சி. 2011-இல் அது திருவொற்றியூர் நகராட்சியோடு சேர்த்துச் சென்னை மாநகராட்சிக்குள் வந்தது. இப்போது மண்டலம் 1. தண்டையார்பேட்டை மண்டலம் 4, ராயபுரம் மண்டலம் 5. 2018-இல் திருவொற்றியூர் தாலுகாவும் சென்னை மாவட்டத்தோடு சேர்ந்தது. முகத்துவாரத்துக்கு வடக்கே காட்டுப்பள்ளி திருவள்ளூர் மாவட்டம், பொன்னேரி தாலுகா, மீஞ்சூர் ஒன்றியம்.

கிராம சபை ஊராட்சியில் மட்டும்தான். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு கூட்டம். காட்டுப்பள்ளிக்காரர்கள் இதைக் கட்டாயம் பயன்படுத்த வேண்டும். அங்கே எழுதப்படும் தீர்மானத்துக்குச் சட்ட மதிப்பு உண்டு. மாநகராட்சிப் பகுதியில் இதற்கு இணையாக இருப்பவை வார்டு குழுவும் பகுதி சபையும். ‘ஏரியா சபை’ என்றால் எல்லோருக்கும் புரியும். கவுன்சிலர் தலைமையில் வார்டு குழு. வார்டைச் சிறு பகுதிகளாகப் பிரித்து, வாக்காளர்கள் எல்லோரும் கலந்துகொள்ளும் ஏரியா சபை. அடுத்த கூட்டம் எப்போது என்று வார்டு அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு குப்பம் இரண்டு ஏரியா சபைகளுக்கு இடையில் பிரிந்துபோயிருந்தால் இரண்டிலும் ஒரே தீர்மானத்தை, ஒரே வாசகத்தில் வையுங்கள்.

ஊர்க் கூட்டத்துத் தீர்மானத்தை எப்படி எழுதினால் ஆபீஸில் எடுத்துக்கொள்வார்கள்?

‘ஊர் மக்கள் சார்பாகக் கேட்டுக்கொள்கிறோம்’ என்று பொதுவாக எழுதும் மனு பெரும்பாலும் ஓர் அலுவலகத்தில் இருந்து இன்னோர் அலுவலகத்துக்கு ‘உரிய நடவடிக்கைக்கு’ என்று போய்க்கொண்டே இருக்கும். காரணம், அதில் இடம், அளவு, பொறுப்பான துறை மூன்றும் இருக்காது.

பக்க எண் போட்ட கட்டுப் புத்தகம் ஒன்று வாங்குங்கள்; தாளைக் கிழித்தால் தெரிய வேண்டும். ஒவ்வொரு கூட்டத்துக்கும் தேதி, நேரம், இடம், வந்தவர் எண்ணிக்கை ஆகியவற்றை முதலில் எழுதுங்கள். ஒரு தீர்மானத்தில் ஒரே ஒரு கோரிக்கை. தண்ணீரும் பட்டாவும் ஒரே தாளில் வந்தால் இரண்டுமே தொலையும். வாசகம் இப்படி இருக்கட்டும்: ‘இன்ன தெருவில், இன்ன கம்பத்துக்கும் இன்ன கம்பத்துக்கும் இடையே, சுமார் 80 மீட்டர் நீளத்துக்கு மழைநீர் வடிகால் இல்லை, 42 வீடுகளுக்குள் தண்ணீர் புகுகிறது, வடிகால் அமைக்க வேண்டும்.’ நீளத்தைக் கயிறு போட்டு அளந்தே எழுதுங்கள். நிலம் பற்றியது என்றால் சர்வே எண் வேண்டும். அது தெரியாவிட்டால் போனில் அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எடுத்து எழுதலாம்.

கையெழுத்து வாங்கும்போது பெயருக்கு எதிரே கதவு எண்ணும் இருக்கட்டும். ஆண்கள் மட்டும் போட்ட கையெழுத்துப் பட்டியலைவிட வீட்டுக்கு ஒருவர் என்ற பட்டியல் அலுவலகத்தில் நிற்கும். தீர்மானத்தின் நகலோடு ஒரு பக்க மனு, தேதியோடு இரண்டு மூன்று படம், அவ்வளவு போதும். கொடுத்த மனுவின் நகலில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையும் தேதியும் வாங்காமல் படி இறங்கக் கூடாது. வாங்க மறுத்தால் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புங்கள். 2025-இல் பதிவுத் தபால் ஸ்பீடு போஸ்ட்டோடு இணைந்துவிட்டதால், பழைய முறையில் கேட்டால் கவுன்டரில் குழப்பம்தான் வரும்.

ஊரையே சங்கமாகப் பதிவு செய்துவிடலாமா?

ஊரை அப்படியே பதிவு செய்வதைவிட, ஊரின் குறிப்பிட்ட வேலைக்கு ஒரு சங்கம் வைப்பது நல்லது என்பது எங்கள் கருத்து. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன் கீழ் குறைந்தது 7 பேர் சேர்ந்து, சங்க விதிகளை எழுதி, மாவட்டப் பதிவாளரிடம் பதியலாம். பதிந்த பின் சங்கத்தின் பெயரில் பான் கார்டு, வங்கிக் கணக்கு.

இதில் கெட்டுப்போவது பெரும்பாலும் பதிவுக்குப் பிறகுதான். ஆண்டுதோறும் பொதுக்குழு, வரவு செலவு அறிக்கை, நிர்வாகி மாறினால் அந்த மாற்றம் எல்லாவற்றையும் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். திருவிழாவோடு பஞ்சாயத்தார் மாறுகிறார்கள், ஆனால் சங்கப் பதிவேட்டில் பழைய ஆட்களே இருக்கிறார்கள். வங்கியில் காசோலைக்குப் பழைய தலைவர் கையெழுத்து வேண்டும். அவருக்கும் புதியவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. பணம் அப்படியே முடங்கும். அதனால் சங்க நிர்வாகிகளின் பதவிக்காலத்தை ஊர் பஞ்சாயத்தின் காலத்தோடு கட்டாமல் தனியாக வையுங்கள். வங்கிக் கையெழுத்து மூவரில் இருவர் என்று இருக்கட்டும்.

மீனவர் கூட்டுறவுச் சங்கம் இதிலிருந்து வேறு. அது கூட்டுறவுச் சட்டத்தின் கீழ், மீன்வளத் துறையின் மேற்பார்வையில் இயங்குவது.

தண்ணி லாரி வந்தா சண்டைதான். ஊரே பங்கு பிரிச்சுக் கொடுக்கலாமா?

கொடுக்கலாம், அதைத்தான் செய்ய வேண்டும். லாரியை அனுப்புவது குடிநீர் வாரியத்தின் வேலை; வந்த தண்ணீரைத் தெருவில் பிரிப்பதற்கு எந்த விதியும் குறுக்கே நிற்காது.

முதலில் கணக்கு. பிளாஸ்டிக் குடம் ஒன்று சுமார் 15 லிட்டர். 9,000 லிட்டர் லாரி என்றால் 600 குடம். 100 வீடு என்றால் வீட்டுக்கு 6 குடம். தெருவில் இருக்கும் சின்டெக்ஸ் தொட்டி 5,000 லிட்டர் என்றால் ஏறக்குறைய 330 குடம்தான். இந்தக் கணக்கைச் சுவரில் எழுதிவைத்தாலே பாதிச் சச்சரவு குறையும். ஏனென்றால் பலரும் லாரியில் வருவதை இரட்டிப்பாக நினைத்துக்கொண்டு அடுத்தவரைத் திருடனாக்குகிறார்கள்.

லாரி எண், வந்த தேதி, நேரம் ஆகியவற்றைத் தொட்டிக்குப் பக்கத்து வீட்டில் ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். பத்து நாள் நோட்டு இருந்தால் குடிநீர் வாரியத்தின் டெப்போ (பகுதி அலுவலகம்) பொறியாளரிடம் ‘சரியாக வருவதில்லை’ என்று சொல்ல வேண்டியதில்லை. ‘பத்து நாளில் ஆறு நடை, அதில் இரண்டு பாதித் தொட்டி’ என்று காட்டலாம். தொட்டிக் குழாய் தரையோடு இருந்தால் அடியில் தங்கிய வண்டல் குடத்தில் இறங்கும். குழாயை நாலு விரல் மேலே வைக்கச் சொல்லுங்கள். புகார் எண் 1916. காட்டுப்பள்ளியில் நாளுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2010-இல் திறக்கப்பட்டது. பக்கத்துக் குப்பத்துக்காரர் குடத்தோடு லாரிக்குக் காத்திருப்பதைப் பார்க்கும்போது கோபம் வராமல் இருக்காது. ஆனால் டெப்போ பொறியாளரிடம் அதைச் சொல்லிப் பயனில்லை. பிரதானக் குழாயில் இருந்து தெருவுக்கு இணைப்புக் கேட்பது ஏரியா சபை தீர்மானமாகப் போக வேண்டிய விஷயம்.

குப்பை, தெருவிளக்கு, சாக்கடை?

மாநகராட்சி, எண் 1913. புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். சரிசெய்யாமலே ‘முடிந்தது’ என்று குறுஞ்செய்தி வந்தால் அன்றைக்கே படத்தோடு மறுபுகார் போடுங்கள். கழிவுநீர்க் குழாய் அடைப்பு மட்டும் குடிநீர் வாரியம். மழைநீர் வடிகாலும் கழிவுநீர்க் குழாயும் வெவ்வேறு துறை என்பதால், எதில் அடைப்பு என்று தெரியாமல் புகார் போட்டால் இருவரும் மற்றவரைக் கைகாட்டுவார்கள்.

நிவாரணப் பட்டியலில் எங்க வீட்டுப் பேர் விட்டுப்போகுது. ஏன்?

ஏனென்றால் ஒரே குப்பத்துக்கு மூன்று பட்டியல் இருக்கிறது: ஊரின் தலைக்கட்டுப் பட்டியல், மீன்வளத் துறையின் மீனவர் பட்டியல், வருவாய்த் துறையின் குடும்ப அட்டைப் பட்டியல். மூன்றும் ஒன்றோடு ஒன்று பொருந்துவதில்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோது நடந்ததைப் பாருங்கள். அரசு அறிவித்த உதவியில் பாதிக்கப்பட்ட மீனவக் குடும்பங்கள் 2,301-க்குத் தலா 12,500 ரூபாய், 787 படகுகளுக்குத் தலா 10,000, மற்ற 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500 என்று மூன்று வகை. மீனவர் பட்டியலில் இருப்பவருக்கும் இல்லாதவருக்கும் 5,000 ரூபாய் வித்தியாசம். படகு பதிவு இல்லாதவருக்குப் படகுத் தொகை இல்லை. எண்ணெய் எல்லோர் வலையிலும்தான் ஒட்டியது. பட்டியல் மட்டும் அதற்குப் பல மாதம் முன்பே முடிவாகியிருந்தது.

அடிக்கடி விடுபடுவோர்: கலியாணமாகித் தனிக்குடித்தனம் போயும் அப்பா அட்டையிலேயே பெயர் இருக்கும் மகன், வேறு ஊர் முகவரியில் அட்டை வைத்திருக்கும் மருமகள், கணவன் இறந்தபின் தொழில் விவரம் மாற்றாத மீன் விற்கும் பெண், கையால் இறால் பிடிப்பவர், கூலிக்குக் கடலுக்குப் போகிறவர்.

செய்ய வேண்டியது பேரிடர் இல்லாத நாளில். ஊர் இளைஞர்கள் நாலு பேர் வீடுவீடாகப் போய் ஒரே தாளில் எட்டுத் தகவல் எடுக்கட்டும்: குடும்பத் தலைவர், குடும்ப அட்டை எண், நல வாரிய எண், கூட்டுறவுச் சங்க எண், படகுப் பதிவு எண், தொழில், வங்கிக் கணக்கு யார் பெயரில், ஆதாரோடு வங்கிக் கணக்கு இணைந்திருக்கிறதா. ஆதார் எண்ணையே எழுத வேண்டாம்; இருக்கு, இல்லை என்றால் போதும். அந்தப் பட்டியல் ஊர் முழுக்கச் சுற்றும். வெற்றுக் கட்டம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் அடுத்த நிவாரணம் தவறும். அட்டையைப் பிரிக்க, முகவரி மாற்ற இ-சேவை மையம். படகுப் பதிவுக்கும் நல வாரியத்துக்கும் மீன்வளத் துறை. இதை ஆண்டுக்கு ஒரு முறை, மீன்பிடித் தடைக்காலத்தில் செய்வது வசதி. ஆட்கள் கரையில் இருப்பார்கள்.

தடைக்காலப் பணம், சேமிப்புப் பணம் இரண்டும் ஒன்றா?

வேறு வேறு. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு மீன்பிடித் தடை. அதற்கான நிவாரணம் குடும்பத்துக்கு 5,000 ரூபாயாக இருந்தது. 8,000 ஆக உயரும் என 2023 ஆகஸ்டில் அறிவித்தார்கள். சேமிப்பு நிவாரணத் திட்டத்தில் நீங்கள் 1,500 ரூபாய் கட்டினால் மத்திய, மாநில அரசுகள் 3,000 சேர்த்து 4,500 ஆகத் திரும்பும். இதற்குக் கூட்டுறவுச் சங்க உறுப்பினராக இருக்க வேண்டும். தவணை விட்டால் பெயர் விழும். கட்டிய ஒவ்வொரு தவணைக்கும் ரசீது வாங்குங்கள். ஊர்க்காரர் ஒருவர் எல்லோர் பணத்தையும் வாங்கிக்கொண்டு போய்க் கட்டும் வழக்கம் பல இடத்தில் உண்டு; ரசீது தனித்தனிப் பெயரில் வர வேண்டும்.

கடலுக்குப் போனவர் திரும்பவில்லை. முதலில் என்ன செய்வது?

ஊர்ப் படகுகள் தேடப் போகும் அதே நேரத்தில் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093, கடலோரக் காவல் படைக்கு 1554. படகுப் பதிவு எண், நிறம், எத்தனை பேர், எந்த நேரம் எந்தத் திசை, கடைசியாகப் பார்த்தவர் ஆகிய ஐந்தும் சொல்லுங்கள். அன்றே காவல் நிலையத்தில் எழுத்துப் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். உடல் கிடைக்காத மரணத்தில் குடும்பத்தின் கையில் இருக்கும் முதல் ஆதாரம் அதுதான். ‘இரண்டு நாள் பார்ப்போம்’ என்று ஊர் தள்ளிப்போட்டால் அந்தத் தேதி இடைவெளிக்குப் பிறகு பதில் சொல்ல வேண்டியது விதவைதான்.

பொதுச் சட்டப்படி, ஏழு ஆண்டு தகவல் இல்லாவிட்டால்தான் ஒருவரை இறந்தவராகக் கருதலாம். 2017 ஒக்கிப் புயல் போன்ற பேரிடரில் அரசு அதற்கு முன்பே நிவாரணம் கொடுத்தது. தனி விபத்தில் குடும்பமே விடாமல் மனு போட வேண்டியிருக்கும். மீன்வளத் துறை அறிக்கை, காவல் துறை அறிக்கை, உடன் சென்றவர் வாக்குமூலம் மூன்றையும் முதல் மாதத்திலேயே நகல் எடுத்து வையுங்கள். மீனவர் குழு விபத்துக் காப்பீட்டில் மரணத்துக்கும் முழு ஊனத்துக்கும் 5 லட்சம் ரூபாய், பகுதி ஊனத்துக்கு 2.5 லட்சம்.

இருளர் குடும்பங்களுக்கு எஸ்.டி. சான்று கிடைப்பது ஏன் இவ்வளவு கஷ்டம்?

மற்ற சாதிச் சான்றுகள் தாலுகா அளவில் முடிந்துவிடும். பழங்குடிச் சான்றைக் கோட்டாட்சியர்தான் தர வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். ஆனால் பெற்றோரின் சான்று கேட்கும் இடத்தில் நின்றுவிடும், ஏனென்றால் அப்பா அம்மா யாரும் சான்று எடுத்ததே இல்லை. அப்படி இருந்தால் ரத்த உறவில் யாருக்காவது, சித்தப்பா, பெரியம்மா மகன் என்று எந்தத் தாலுகாவில் இருந்தாலும், கிடைத்த சான்றின் நகலை வம்சாவளித் தாளோடு வையுங்கள். அதுவும் இல்லாவிட்டால் கோட்டாட்சியர் நேரில் வந்து விசாரிக்க வேண்டும் என்று தனியாக மனு கொடுங்கள். நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாய்ச்சொல்லுக்கு மேல்முறையீடு செய்ய முடியாது.

மீன்பிடியில் இன்னொரு சிக்கல். பழவேற்காட்டில் பாடு முறை இருக்கிறது: ஏரியில் எந்த இடத்தில் யார் எந்த நாள் வலை கட்டுவது என்று ஊர்களுக்குள் முறை வைத்துச் சீட்டுப் போட்டுப் பிரித்துக்கொள்வது. அரசு உதவியே இல்லாமல் ஒரு பொது நீர்நிலையைப் பங்கிடும் அருமையான ஏற்பாடு அது. ஆனால் அதில் உரிமை குறிப்பிட்ட மீனவ ஊர்களின் ஆண்களுக்குத்தான். இடுப்பளவுத் தண்ணீரில், பறியை (பிடித்ததைப் போடும் கூடை) வாயில் கவ்விக்கொண்டு கையால் இறால் தடவும் இருளருக்கு அந்த முறைக்குள் இடமில்லை. மீனவர் பட்டியலிலும் பெரும்பாலும் இடமில்லை. ஊர்த் தன்னாட்சியைப் பெருமையாகப் பேசும்போது இதையும் சேர்த்தே பேச வேண்டும். இருளர்கள் நல வாரியத்துக்கு விண்ணப்பிக்கும்போது தொழிலை ‘கூலி’ என்று எழுதாமல் ‘உள்நாட்டு மீன்பிடிப்பு, கையால் இறால் பிடித்தல்’ என்றே எழுதுங்கள்.

வலை காயப்போடும் இடத்தை வேலி போட்டுவிட்டார்கள். அது எங்கள் இடம் என்று எப்படி நிரூபிப்பது?

பட்டா இருக்காது, தேடவும் வேண்டாம். கடற்கரை மண்டல மேலாண்மைத் திட்ட வரைபடத்தைப் பாருங்கள். 2011-ஆம் ஆண்டு கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையின்படி மீனவக் கிராமங்கள், அவர்களின் பொதுச் சொத்துகள், மீன் உலர்த்தும் களம், படகுத் துறை, ஐஸ் ஆலை, மருந்தகம், சாலை, பள்ளி எல்லாம் சர்வே எண்ணோடு கூடிய வரைபடத்தில் காட்டப்பட வேண்டும். மீனவரின் நீண்டகால வீட்டுத் தேவைக்கும் திட்டம் வைக்க வேண்டும். மாவட்ட ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குழுவில் பாரம்பரியக் கரையோரச் சமூகத்தில் இருந்து குறைந்தது மூன்று பேர் இருக்க வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. ஊரின் வழக்கத்தை அரசு எழுத்தில் ஏற்க இடம் தரும் அரிய கதவு இது.

வரைபடத்தில் உங்கள் இடம் விட்டுப்போயிருந்தால் ஊரே வரைபடம் தயாரிக்கலாம். வயதானவர் இருவர், போன் வைத்திருக்கும் பிள்ளைகள் இருவர் சேர்ந்து நடந்து, ஒவ்வோர் இடத்தின் நாலு மூலையிலும் ஆள்கூறு (அட்சரேகை, தீர்க்கரேகை) எடுங்கள்: படகு ஏற்றும் மணல், வலை உலர்த்தும் இடம், கருவாட்டுக் களம், ஏலத் திடல், சுடுகாடு, கோயில் மேடு, கழிமுகத்தில் வலை கட்டும் இடங்கள். எந்த மாதத்தில் எதற்குப் பயன்படுகிறது என்றும் எழுதுங்கள். நாலு மாதம் மட்டும் பயன்படும் இடத்தை அதிகாரி வந்து பார்க்கும் நாளில் ‘காலியிடம்’ என்று எழுதிவிடுவது வழக்கமாக நடப்பது. பழைய செயற்கைக்கோள் படங்களில் படகுகள் வரிசையாகத் தெரியும். ஆண்டு வாரியாக அச்செடுத்து இணையுங்கள். மனு மாவட்ட ஆட்சியருக்கும் மாநிலக் கடற்கரை மண்டல மேலாண்மை ஆணையத்துக்கும் போக வேண்டும்.

கடலரிப்புக்கு யாரைக் கேட்பது? கல் கொட்டினால் போதாதா?

சென்னைத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணலைத் தடுத்துவிட்டன. அதனால் தெற்கே மெரினா அகன்றது, வடக்கே ராயபுரம் முதல் எண்ணூர் வரை கரை தேய்ந்தது. கரைக்கு இணையாகக் கொட்டும் கல் சாலையைக் காக்கும். ஆனால் கல்லுக்கு முன்னால் மணல் நிற்காது, படகு ஏற்ற இடம் இருக்காது. கடலுக்குள் நீளும் கல் சுவரான தூண்டில் வளைவு இரண்டு வளைவுக்கு நடுவே மணலைப் பிடிக்கும். ஆனால் கடைசி வளைவுக்கு வடக்கே இருக்கும் குப்பத்தை அரிக்கும். எனவே ஒரு குப்பம் தனியாகக் கேட்டு வாங்கினால் அடுத்த குப்பத்தோடு பகைதான் மிஞ்சும். பக்கத்து ஊர்கள் சேர்ந்து ஒரே மனுவாக, படகு ஏற்ற எத்தனை மீட்டர் மணல் வேண்டும் என்று குறிப்பிட்டு, மீன்வளத் துறைக்கும் நீர்வளத் துறைக்கும் கொடுப்பது நல்லது.

ஊர் அபராதம் போட்டார்கள், கட்டாததால் ஒதுக்கிவைத்துவிட்டார்கள். என்ன வழி?

வலை, கடல், ஏலம் சம்பந்தப்பட்ட தகராறில் ஊர் பேசித் தீர்ப்பது பெரும்பாலும் நீதிமன்றத்தைவிட விரைவு. ஆனால் அடிதடி, பெண்கள் மீதான வன்முறை, குழந்தைகள் மீதான குற்றம் எதையும் ஊர் தீர்க்கவே கூடாது; அங்கே சமரசம் என்பதே குற்றத்தை மறைப்பது. ஒதுக்கிவைப்பதைத் தடுக்க மகாராஷ்டிரத்தில் இருப்பதுபோலத் தனிச் சட்டம் தமிழ்நாட்டில் இல்லை. இருந்தாலும் மிரட்டல், வழிமறிப்பு, பணப்பறிப்பு என்று நடந்தவற்றைத் தனித்தனியாக எழுதிப் புகார் கொடுக்கலாம். இலவச சட்ட உதவிக்கு 15100. பெண்களுக்கும் பழங்குடியினருக்கும் வருமான வரம்பு கிடையாது.

பெண்கள் ஊர்க் கூட்டத்தில் உட்கார முடியாதே?

பல குப்பங்களில் இன்றும் முடியாது. மீனை விற்றுக் காசாக்குவது பெண்கள், தண்ணீர் பிடிப்பது பெண்கள், கூட்டத்தில் பேசுவது ஆண்கள். ஏரியா சபையில் இந்த வழக்கம் செல்லாது. வாக்காளர் யாரும் வரலாம், பேசலாம். தண்ணீர், கழிப்பறை, மீன் விற்கும் இடத்துக் கூரை பற்றிய தீர்மானங்களை மகளிர் குழுக்கள் நேராக அங்கே கொண்டுபோகட்டும்.

மனு கொடுத்து மாதங்கள் ஆயிற்று. பதிலே இல்லை.

முதலில் 1100 என்ற எண்ணில், ‘முதல்வரின் முகவரி’ என்ற அரசின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு. இல்லாவிட்டால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் நாள். சென்னை ஆட்சியர் அலுவலகம் ராஜாஜி சாலையில், சிங்காரவேலர் மாளிகை. 1923-இல் மே தினம் கொண்டாடிய அந்த ம. சிங்காரவேலர் மீனவக் குடும்பத்தில் பிறந்தவர். படியேறும்போது தயக்கம் வேண்டாம்.

அதற்கும் அசையாவிட்டால் தகவல் உரிமைச் சட்டம். வெள்ளைத் தாளில், 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, அந்த அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு. ‘ஏன் செய்யவில்லை’ என்று கேட்காதீர்கள். காரணம் கேட்டால் ‘தகவல் என்ற வரையறையில் வராது’ என்று திருப்புவார்கள். ‘இன்ன தேதியில் கொடுத்த மனு எந்தக் கோப்பு எண்ணில் இருக்கிறது, யார் மேசையில் எத்தனை நாள் இருந்தது, கோப்புக் குறிப்புகளின் நகல் தருக’ என்று கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் அதே துறை மேல்முறையீட்டு அலுவலருக்கு. அங்கும் இல்லை என்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு. விண்ணப்பத்தை ஊர் பெயரிலோ சங்கத்தின் பெயரிலோ போடாமல் ஒரு தனி ஆளின் பெயரில் போடுங்கள். குடிமகன் கேட்டால்தான் தகவல் தர வேண்டும் என்பது சட்டம். ‘ஊர் பொதுமக்கள்’ என்று கையெழுத்திட்டால் திருப்பி அனுப்ப அதுவே காரணமாகும்.